நான்கு பேரை அனுப்பிவிட்டு நான்கு பேரைச் சேர்த்தால் கணக்கு நேராகிவிடுமா?

எனக்கு எழுதிய கடிதத்தில் நீங்கள் கேட்டிருப்பது ஓர் எண்ணிக்கை. தஞ்சை மாவட்டத்தில் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரி. வரும் ஜூன் முதல் பி.எஸ்சி. இயற்பியலுக்கும் பி.ஏ. வரலாற்றுக்கும் முதலாண்டுச் சேர்க்கை கிடையாது. அவற்றின் இடத்தில், மாணவர் கட்டணத்தில் நடக்கும் சுயநிதிப் பிரிவில் பி.சி.ஏ.வும் பி.காம். கணினிப் பயன்பாடும் வருகின்றன. "இயற்பியலில் நான்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பதிலாகக் கணினிக்கு நான்கு பேர்" என்கிறது நிர்வாகம். எத்தனை பேர் தேவை என்று எழுதித் தரும்படி கல்லூரி முதல்வர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது: "யாருக்கும் வேலை போகாமல் இதைச் செய்ய வழி இருக்கிறதா?" இயற்பியலைப் பொறுத்தவரை பெரும்பாலும் இருக்கிறது. வரலாற்றைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

நான் டெல்டாவில், பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பணியின் கடைசி 17 ஆண்டுகள் கல்லூரி முழுமைக்கும் நேர அட்டவணை போடும் வேலை என் தலையில் விழுந்தது. அந்தக் காலத்தில் மூன்று பட்டப்படிப்புகள் மூடப்பட்டன, ஐந்து திறக்கப்பட்டன. எல்லாவற்றையும் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் சமாளித்தேன். மணிக்கணக்கில் என்னை நம்பலாம். சட்டம் என் துறை அல்ல. அந்தப் பகுதி வரும்போது யாரிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஆள் கணக்கை மறந்துவிட்டு மணிக்கணக்குக்கு வாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேரடி வகுப்பு. இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி. இது உறுதியான எண். ஒரு வகுப்புக்கு வாரத்துக்கு 30 மணி என்பதும் நம் கல்லூரிகளின் வழக்கமான கணக்கு. அந்த 30 எப்படிப் பிரிகிறது என்பதுதான் ஒவ்வொரு பாடத்திட்டத்துக்கும் மாறும். நான் ஒரு மாதிரியை வைத்துச் சொல்கிறேன். உங்கள் பாடத்திட்டத்தின் எண்களை இட்டு நீங்கள் திரும்பக் கணக்கிட வேண்டும். முதலாண்டில் தமிழுக்கு 6, ஆங்கிலத்துக்கு 6, துணைப்பாடத்துக்கு 5 போனால், இயற்பியல் துறைக்கு மிஞ்சுவது 13. இரண்டாமாண்டிலும் அப்படியே 13. மூன்றாமாண்டில் மொழிப்பாடமும் இல்லை, துணைப்பாடமும் இல்லை. 30 மணியும் துறையின் தலையில். ஆக மொத்தம் 56. கணித மாணவர்களுக்கு இயற்பியல் துணைப்பாடம் எடுப்பது 10 மணி என்று வைத்தால் 66. நான்கு பேர் இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறது; யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

வரும் ஜூனில் முதலாண்டு நின்றுவிடுகிறது. போவது எவ்வளவு? வெறும் 13 மணி. மேட்டூரில் ஜனவரி 28-ஆம் தேதி மதகை இறக்கினால் அன்றைக்கே கடைமடையில் வாய்க்கால் வற்றிவிடுவதில்லை. வழியில் இருக்கும் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். இரண்டாமாண்டும் மூன்றாமாண்டும் சேர்ந்து 43 மணி, துணைப்பாடத்தோடு 53. அடுத்த ஆண்டு மூன்றாமாண்டின் 30 மட்டும் இருக்கும், துணைப்பாடத்தோடு 40. அதற்கடுத்த ஆண்டு சட்டென்று 10. பி.சி.ஏ. இதற்கு நேர் எதிர்த் திசையில் ஏறும். அதற்கும் இதே பிரிவு என்று வைத்தால் முதல் ஆண்டில் 13, இரண்டாம் ஆண்டில் 26, மூன்றாம் ஆண்டில் 56. நிர்வாகம் சொல்கிறபடி ஜூனில் நால்வரை மாற்றினால் என்ன நடக்கும்? கணினிக்கு வந்த நான்கு பேருக்கு 13 மணி, அதாவது ஆளுக்கு மூன்றேகால் மணி. இயற்பியலில் 53 மணிக்கு ஆளே இல்லை. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட மாணவர்களுக்கு முழுப் பட்டத்தையும் முடித்துத் தருவது கல்லூரியின் கடமை. அதில் பேரம் பேச இடமில்லை. இந்த ஒரு பத்தியை மட்டும் முதல்வரிடம் காட்டினால்கூட "நான்குக்கு நான்கு" என்ற பேச்சு நின்றுவிடும் என்று நினைக்கிறேன்.

ஆனால் கவனியுங்கள், இறக்கம் சீராக இல்லை. மூன்றாமாண்டு கனமாக இருப்பதால் முதல் இரண்டு ஆண்டுகளும் "பரவாயில்லை, எல்லாருக்கும் வேலை இருக்கிறது" என்றுதான் தோன்றும். மூன்றாவது ஜூனில் தரை விலகும். பல கல்லூரிகள் ஏமாறுவது அங்கேதான். ஆகவே தாளில் முதலில் எழுத வேண்டியது ஓய்வு பெறும் தேதிகள். இயற்பியலில் ஒருவர் மாற்றம் தொடங்கும் ஆண்டின் முடிவிலும் இன்னொருவர் அதற்கடுத்த ஆண்டின் முடிவிலும் ஓய்வு பெறுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சிக்கலில் பாதி அந்த வரியிலேயே தீர்ந்துவிட்டது. முதல் ஆண்டு 53 மணிக்கு நான்கு பேர். இரண்டாம் ஆண்டு 40 மணிக்கு மூன்று பேர்; ஒருவர் இணைப் பேராசிரியர் என்றாலும் மூவராலும் 46 மணி எடுக்க முடியும், 6 மணி மிச்சம். மூன்றாம் ஆண்டு இரண்டு பேர், 10 மணி. இங்கேதான் குறை. பி.சி.ஏ. பாடத்திட்டத்தில் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ், நுண்செயலி போன்ற தாள்கள் இருந்தால் அவற்றை இயற்பியல் ஆசிரியர்கள் நன்றாகவே நடத்துவார்கள்; அவர்களில் பலர் முதுகலையில் படித்ததே அதுதான். அப்படி இரண்டு தாள், 10 மணி கிடைத்தால் இருவருக்கு 20 மணி. நிறைவான பணிச்சுமை 32 என்றாலும் இது தாங்கக்கூடிய குறை. மறுபக்கம் கணினித் துறையின் 56 மணி 46 ஆகிறது. மூன்றரை ஆள் என்பது மூன்று ஆளாகச் சுருங்குகிறது. முதல் ஜூனில் ஒருவர், இரண்டாம் ஜூனில் இன்னொருவர், மூன்றாம் ஜூனில் இன்னொருவர்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. அரசுச் சம்பளம் பெறும் ஆசிரியர் சுயநிதி வகுப்பில் பாடம் எடுப்பதை ஆசிரியர் அறையில் பேசி முடித்துக்கொள்ளக் கூடாது. தஞ்சாவூர் மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து எழுத்தில் பதில் வரும்வரை மேலே சொன்ன 10 மணியை அட்டவணையில் பென்சிலால்தான் எழுத வேண்டும். அதேபோல ஒரு தாளை நடத்துவதும் ஒரு பணியிடத்தில் அமர்வதும் வேறு வேறு. இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர் பன்னிரண்டு வார இணையப் படிப்பில் பைத்தான் கற்றுக்கொண்டு அதை நன்றாக நடத்தலாம், நான் பார்த்திருக்கிறேன். அதனால் அவர் கணினித் துறைப் பணியிடத்துக்குத் தகுதி பெற்றவராகிவிட மாட்டார். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆசிரியர்களுக்கு நம்பிக்கை கொடுத்துவிடாதீர்கள்.

இனி, உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று. தமிழ்த் துறையையும் ஆங்கிலத் துறையையும் யாரும் தொடவில்லை என்று நினைக்கிறீர்கள். உங்கள் வரலாற்று வகுப்பில் 22 பேர் என்கிறீர்கள், பொருளியலில் எத்தனை? 25 இருக்குமா? அப்படியானால் இரண்டு வகுப்பையும் சேர்த்து உட்காரவைத்துத்தான் பகுதி ஒன்று தமிழ் நடக்கிறது. எல்லாக் கல்லூரியிலும் நடக்கும் கூட்டு வகுப்பு அது. நாளை வரலாறு போய் 60 பேர் கொண்ட பி.காம். வந்தால் அதைப் பொருளியலோடு சேர்க்க முடியாது. 85 பேருக்குப் பெஞ்சு எங்கே இருக்கிறது? முதல் ஆண்டில் தமிழுக்கு 6 மணியும் ஆங்கிலத்துக்கு 6 மணியும் புதிதாக முளைக்கும். இரண்டாம் ஆண்டில் அது ஒவ்வொன்றுக்கும் 12 ஆகிவிடும். துறைக்கு முக்கால் ஆசிரியர். எங்கள் கல்லூரியில் ஒரு முறை இதை நான் தவறவிட்டேன். ஜூன் மாதம் டே ஆர்டர், அதாவது நாள்வாரி வகுப்பு அட்டவணை, போட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. தமிழ்த் துறைத்தலைவர் என்னிடம் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை, நியாயம்தான். பி.சி.ஏ.வுக்குக் கணிதமோ புள்ளியியலோ துணைப்பாடமாக வரும். கணிதத் துறைக்கும் ஒரு தாள் அனுப்பி இப்போதே கேட்டுவிடுங்கள்.

இதுவரை சொன்னவை ஏறக்குறைய உறுதியானவை. இனி வருவதில் என் ஊகம் கலந்திருக்கிறது. எத்தனை மாணவர்கள் சேர்வார்கள் என்பதை எவராலும் சொல்ல முடியாது. நல்ல வேளையாக மணிக்கணக்கு மாணவர் எண்ணிக்கையோடு நேர்க்கோட்டில் நகர்வதில்லை. 20 பேர் சேர்ந்தாலும் 60 பேர் சேர்ந்தாலும் வகுப்புக்கு 30 மணிதான். மாறுவது இரண்டு: கட்டண வருமானம், ஆய்வகம். கணினி ஆய்வகத்தில் 30 இருக்கைகள் இருந்தால் 60 பேரை இரண்டு அணியாகப் பிரிக்க வேண்டும்; வாரத்துக்கு 4 மணி செய்முறை 8 ஆகிவிடும். அதாவது 13 மணி 17 ஆகும், ஒரே ஆளால் முடியாது. ஆகவே 60, 40, 20 என மூன்று எண்களுக்கும் தனித்தனியே கணக்கிட்டு வையுங்கள். ஜூனில் இருக்கும் தலைகளை எண்ணி ஆள் எடுக்காதீர்கள். பொறியியல் கலந்தாய்வு முடிகிறவரை மாணவர்கள் ஒரு காலை நம் வகுப்பிலும் ஒரு காலைத் திருச்சி பஸ்ஸிலும் வைத்திருப்பார்கள். மற்றொரு பக்கம், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசப் பயணமும் வந்தபின் அக்கம்பக்கக் கிராமங்களிலிருந்து பெண்கள் வருவது கூடியிருக்கிறது என்பது என் எண்ணம். டவுன் பஸ் எந்தெந்த ஊருக்குப் போகிறது என்பதைச் சேர்க்கைக் குழு பார்ப்பது நல்லது.

புதிய பட்டம் எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கும் என்பது அதைவிடச் சந்தேகம். 2000-க்குப் பிறகு பயோடெக்னாலஜியும் மைக்ரோபயாலஜியும் வந்தபோது நாங்கள் எவ்வளவு ஆவலாகக் கதவைத் திறந்தோம் என்பது நினைவிருக்கிறது. நான் பார்த்த ஓர் ஆய்வகத்தில் இப்போது விடைத்தாள் கட்டுகள் அடுக்கியிருக்கின்றன. இன்று சிதம்பரம் முதல் பட்டுக்கோட்டை வரை எல்லாரும் ஒரே கணினிப் பட்டத்தைத்தான் திறக்கிறார்கள். அதே கணினி ஆசிரியர்களைத்தான் தேடுகிறார்கள். மென்பொருள் நிறுவனம் எடுத்துக்கொள்ளாத, ஆனால் பாடம் நடத்தத் தெரிந்த ஆள் கும்பகோணத்தில் மாதம் பதினைந்தாயிரத்துக்குக் கிடைப்பார் என்று நிர்வாகம் எண்ணினால், அவர் தீபாவளிக்குள் போய்விடுவார். அதனால் முதலில் எடுக்கும் அந்த ஒருவருக்குச் சம்பளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000-க்கு மிகாமல் என்று மானியக் குழு 2019-லேயே சொல்லியிருக்கிறது. அந்தத் தாளையும் இணைத்துக் கொடுங்கள். இன்னொன்று: 2024–25 முதல் பி.சி.ஏ., பி.பி.ஏ. பட்டங்களுக்கு அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதலும் தேவை. அவர்கள் ஆசிரியர் எண்ணிக்கையைத் தங்கள் அளவுகோலால் பார்ப்பார்கள், நம் 16 மணிக் கணக்கால் அல்ல. என் கணக்கு மூன்று பேர் என்றாலும் அவர்கள் அளவுகோல் கூடுதலாகக் கேட்டால் அதுதான் செல்லும்.

"அரசு நிரந்தர ஆசிரியர் தரும்வரை சமாளிப்போம்" என்று யாராவது சொன்னால் தேதிகளை நினைவூட்டுங்கள். அரசுக் கல்லூரிகளுக்கே 2019-இல் 2,331 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு வந்த அறிவிப்பு பின்னர் கைவிடப்பட்டது. 4,000 இடங்களுக்கான அடுத்த அறிவிப்பு 2024 மார்ச்சில்தான் வந்தது. சுயநிதிப் பாடத்துக்கு அரசுப் பணியிடம் வரும் என்று காத்திருப்பது கானல் நீர்.

வரலாற்றுத் துறைக்கு வருகிறேன், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அங்கே மூன்று பேர், ஒருவருக்கும் பத்து ஆண்டுகளுக்குள் ஓய்வு இல்லை. பி.காம். பாடத்திட்டத்தில் அவர்களுக்கு நேரான தாள் கிடையாது. சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி என்று இரண்டு இரண்டு மணியாகத் துணுக்குகள் கிடைக்கும்; அவற்றை வைத்து ஒருவருக்கு வேண்டுமானால் பாதிச் சுமை கட்டலாம், மூவருக்கு முடியாது. பெரிய கோயிலும் தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற வட்டாரத்தில் வரலாறு படிக்க ஆள் இல்லை என்று மூடுகிறோம். அது வேறு வயிற்றெரிச்சல். உங்கள் கையில் இருக்கும் உண்மையான வழி பணிநிரவல், அதாவது உபரியாகும் ஆசிரியரை இடம் இருக்கும் வேறு கல்லூரிக்கு மாற்றுவது. உதவிபெறும் பாடப்பிரிவை மூடுவதற்குப் பல்கலைக்கழகமும் கல்லூரிக் கல்வி இயக்ககமும் ஒப்ப வேண்டும். உதவிபெறும் கல்லூரி ஆசிரியருக்கு 1976-ஆம் ஆண்டுத் தனியார் கல்லூரிகள் சட்டத்தின் பாதுகாப்பும் இருக்கிறது. நிர்வாகம் ஒரு கடிதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. பெரிய அளவில் நடந்ததற்கு முன்மாதிரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-இல் அரசு எடுத்துக்கொண்ட பிறகு, உபரி என்று கணக்கிடப்பட்ட ஆசிரியர்களும் ஊழியர்களும் ஆயிரக்கணக்கில் மாநிலம் முழுவதும் அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். வேலை போகவில்லை, ஆனால் சிதம்பரத்தில் வீடு கட்டியவர் வேறு மாவட்டத்தில் வாடகை வீடு தேட வேண்டி வந்தது. உங்கள் மூவருக்கும் இதை மூன்றாவது ஜூனில் சொல்லாதீர்கள், இப்போதே சொல்லுங்கள். இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தால் பிள்ளைகளின் பள்ளியை யோசித்து ஓர் ஊரைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். சட்ட நுணுக்கத்துக்கு ஆசிரியர் சங்கத்தின் வழக்கறிஞரைப் பாருங்கள், என்னை நம்பாதீர்கள்.

அட்டவணையில் கொஞ்சம் தளர்வு வைக்க மறந்துவிடாதீர்கள். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்பது சென்னையில் போடும் கணக்கு. நமக்கு ஜூனில் தொடங்கும் ஒற்றைப்படைப் பருவத்தின் வால் நவம்பர் மழையில் நனையும். 2018 நவம்பர் 16-இல் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பருவத் தேர்வையே தள்ளிவைத்தார்கள். இழந்த நாட்களைச் சனிக்கிழமையில் ஈடுகட்டும்போது, இரண்டு கல்லூரிக்கு ஓடும் கௌரவ விரிவுரையாளர் வர மாட்டார். மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு மழை விடுமுறை என்றால் பட்டினி. அரசுச் சம்பளத்தில் இருப்பவருக்கு மகப்பேறு விடுப்பும் இப்போது ஓராண்டு. அது உரிமை, அட்டவணைதான் வளைய வேண்டும். மூன்று பேர் உள்ள துறையில் ஒருவர் ஓராண்டு விடுப்பு என்றால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதனால்தான் இரண்டாம் ஆண்டில் அந்த 6 மணி மிச்சத்தைச் "சும்மா இருக்கிறார்கள்" என்று யாரும் எடுத்துக்கொள்ள விடாதீர்கள்.

கடைசியாக, பட்டம் மூடிய பிறகும் மூடாத ஒன்று: அரியர். நாங்கள் ஒரு படிப்பை மூடி மூன்று ஆண்டுகள் கழித்து, மன்னார்குடி பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அறை வாசலில் நின்றார். ஒரு செய்முறைத் தாள் பாக்கி, துபாயில் வேலை காத்திருக்கிறது, பட்டச் சான்றிதழ் வேண்டும். அந்தத் தாளுக்கு வினாத்தாள் எடுக்கத் துறையில் ஆள் இல்லை, கருவிகளைப் பிரித்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தாகிவிட்டது. ஓய்வு பெற்ற ஆசிரியரைக் கெஞ்சி அழைத்து, வேறு கல்லூரி ஆய்வகத்தை ஒரு நாள் கடன் வாங்கித் தேர்வு நடத்தினோம். உங்கள் கல்லூரி தன்னாட்சி பெற்றதா என்று நீங்கள் எழுதவில்லை. தன்னாட்சி என்றால் இந்தப் பொறுப்பு முழுக்க உங்களுடையது. எந்தத் தாளுக்கு எது ஈடான தாள் என்று பாடத்திட்டக் குழுவில் தீர்மானம் போட்டுவிட்டுத்தான் கடைசி வகுப்பை வெளியே அனுப்ப வேண்டும். இயற்பியல் ஆய்வக உதவியாளரைப் பற்றி நீங்கள் எழுதிய தாளில் ஒரு வரிகூட இல்லை. அலமாரிச் சாவி அவரிடம்தான் இருக்கிறது, எந்த நிறமாலைமானி வேலை செய்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும். அவர் பெயரையும் ஓய்வுத் தேதியையும் பட்டியலில் சேர்த்துவிட்டு முதல்வரிடம் போங்கள்.